பன்னீர் திராட்சை ஏன் உதிர்கிறது? வேளாண்மை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு வேளாண்மை – உழவர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போட்டிருக்கும் விவசாயி எழுதுகிறேன். எங்கள் பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் விலை கொத்தில் நிற்கிற மணிக்குத்தான். பந்தலுக்கு அடியில் கொட்டிக் கிடப்பதை எந்த வியாபாரியும் எடை போடுவதில்லை.

உரக்கடைக்குப் போய் “உதிருதுண்ணே” என்றால் போதும், ஒரு பயிர் ஊக்கி பாட்டில் கைக்கு வந்துவிடும். உதிர்வது பூவா, பிஞ்சா, பழமா என்று கேட்பாரில்லை. கவாத்து முடிந்து எத்தனை நாள் என்றும் கேட்பதில்லை. வயிற்றுவலி என்றவுடன் எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் மருந்து எழுதித் தருகிற வைத்தியம் இது. கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காரணம் சொல்ல ஊரில் வேறு ஆள் இல்லாததால்தான் நாங்கள் அவரிடம் போகிறோம்.

கீழே விழுந்ததைக் கையில் அள்ளிப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும். திராட்சைப் பூவின் இதழ்கள் மற்ற பூக்களைப் போல விரிவதில்லை. அடியில் பிரிந்து, பச்சைத் தொப்பியாக ஒட்டுமொத்தமாகக் கழன்று விழும். அதன்பின்தான் மகரந்தம் வெளியே வரும். விழுந்த பூக்களில் தொப்பி கழலாமலே ஒட்டிக்கொண்டிருந்தால், பூக்கிற நேரத்தில் மழையோ குளிரோ பிடித்திருக்கும், அல்லது கொடிக்குப் போரான் போதவில்லை. தொப்பி கழன்றும் பூ விழுந்தால் சூல் பிடிக்கவில்லை என்று பொருள். மகரந்தக் குழாய் வளரவும் போரான் வேண்டும். தழைச்சத்தை அள்ளிப் போட்டுக் கொடி தளதளவென்று ஓடினாலும் இதே கதிதான்; பூவுக்குப் போகவேண்டிய சர்க்கரையை நுனிக்குருத்து தின்றுவிடும். அதற்குப் பாட்டில் வேண்டாம், நுனியைக் கிள்ளி விட்டால் போதும். இன்னொன்றும் சொல்லவேண்டும்: பூத்ததில் பாதிக்கு மேல் உதிர்வது கொடியின் இயல்பு. எல்லாம் காயானால் மணிகள் ஒன்றையொன்று நெருக்கி வெடித்துவிடும். இது தெரியாமல் பயந்துபோய் மருந்தடிக்கிறவர்கள் எங்களில் நிறையப் பேர்.

பிஞ்சில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து காம்பு பழுப்பேறி விழுந்தால் அது அடிச்சாம்பல் நோய். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூக்கிற தோட்டங்களை அது சும்மா விடாது. அங்கே வளர்ச்சி ஊக்கி அடிப்பது காசைக் கரைப்பது. பழுத்த மணி காம்பை விட்டுக் கழல்வது மூன்றாவது வகை. பன்னீரின் பிடிப்பே கொஞ்சம் தளர்வு; பெட்டியில் அடுக்கிக் கேரளாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடியில் உதிரி சேர்ந்துவிடும். அதற்கு அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்கச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

சத்துக் குறைவுக்கும் அதே பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இருக்கிறது. லிட்டர் தண்ணீருக்குப் போரிக் அமிலம் 1 கிராம், துத்தநாக சல்பேட் 2 கிராம், யூரியா 10 கிராம். பூக்கும் முன் ஒரு தடவை, பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. பாட்டில் விலையோடு பார்த்தால் இது சில்லறைச் செலவு. ஆனால் போரானில் குறைவுக்கும் மிகைக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறுகல். ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிற கொடிக்கு மறுபடி மறுபடி கொடுத்தால் இலை ஓரம் கருகும். ஆகவே கொடிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் தெரியவேண்டும். பூக்கும் பருவத்தில் கொத்துக்கு எதிரே இருக்கும் இலையின் காம்பைக் கிள்ளிச் சோதித்தால் அது தெரிந்துவிடும். மகாராஷ்டிரத் திராட்சைக்காரர்களுக்கு இது பழகிய சங்கதி. பூனேயில் தேசிய திராட்சை ஆராய்ச்சி மையமே இருக்கிறது. எங்களுக்கு ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கள் முதல் கோரிக்கை இதுதான்: அங்கே இலைக்காம்பைக் கொடுத்தால் மூன்றே நாளில் முடிவு கையில் கிடைக்கும்படி செய்து தாருங்கள். பூ காத்திருக்காது, பதினைந்து நாள் கழித்து வரும் முடிவை ஃபைலில்தான் வைக்கவேண்டும்.

இரண்டாவது, துறையின் அறிவுரைகள் மாதக் கணக்கில் வருகின்றன. இங்கே ஒரே ஊரில் ஒரு பந்தல் கவாத்தில் இருக்கும், பக்கத்துப் பந்தல் அறுப்பில் இருக்கும். ஆண்டு முழுக்கப் பழம் தருகிற பள்ளத்தாக்கு இது. மாதத்தை வைத்துச் சொல்லாமல், விவசாயி பதிந்துகொடுக்கும் கவாத்துத் தேதியை வைத்து, “உங்கள் தோட்டம் அடுத்த வாரம் பூக்கும், மழை வருகிறது, இன்னதைச் செய்யுங்கள்” என்று ஒரு குறுஞ்செய்தி வந்தால் எவ்வளவோ மிச்சமாகும்.

மூன்றாவது அந்தப் பாட்டில்கள். பயிர் ஊக்கிகளை 2021இலேயே மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் கொண்டுவந்துவிட்டது. மாதிரி எடுத்துச் சோதிக்கும் அதிகாரம் உங்கள் அலுவலர்களிடம் இருக்கிறது. கம்பம் பக்கக் கடைகளிலும் எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே என்ன இருக்கிறது, பூவுக்கா பழத்துக்கா என்று தமிழில் எழுதாத பாட்டிலை விற்கவிடாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழையில் பூக்கப்போகிற தோட்டங்களில் புரட்டாசியில் கவாத்துக்குக் கத்தரி எடுப்போம். இலைக்காம்புச் சோதனையாவது அதற்கு முன் தொடங்கவேண்டும்.

இப்படிக்கு,
கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயி ஒருவர்