வீடு புகுந்த ஆமை

ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு பழமொழி. நான் சொல்றேன் மக்கா, வீடு புகுந்த ஆமைதான் உருப்படறதில்லை.

பண்பொழியில சித்தி வீட்டுல ஒரு சிவப்புக்காது ஆமைக்குஞ்சு கண்ணு வீங்கி, சாப்பிடாம கெடக்கு. வித்த கடைக்காரர் குடுத்தது பிளாஸ்டிக் கிண்ணமும் ஒரு டப்பா காஞ்ச இறாலும். கூடவே 'வீட்டுக்கு யோகம்'னு ஒரு ரீல். வைட்டமின் ஏ குறைஞ்சா கண்ணு வீங்கும், புறஊதா வெளிச்சமும் கால்சியமும் இல்லாட்டி ஓடு மெத்துனு ஆயிரும்னு ஒரு வார்த்தை சொன்னாரா? ம்ஹூம்!

இதோட சொந்த ஊரு அமெரிக்கா. 4 அங்குலத்துக்குக் குறைஞ்ச ஆமைகளை வளர்க்க விக்கக் கூடாதுன்னு அங்கயே 1975ல தடை போட்டாச்சு. காரணம், குழந்தைகளுக்குத் தொத்துன சால்மொனெல்லா கிருமி. நாம என்னடான்னா பொம்மை மாதிரி வித்துட்டு இருக்கோம்.

'குளத்துல விட்டுரு, புண்ணியம்'ங்கறார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. என்னத்த புண்ணியம்? உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்கள் பட்டியல்ல இருக்கற ஜந்து அது. நம்ம குளத்து ஆமை சோத்துல மண்ணு விழும்.

வாங்காதீங்க. வாங்கித் தொலைச்சாச்சுன்னா கால்நடை மருத்துவர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க. யோகத்தை அப்புறம் பாத்துக்கலாம்.