பழைய காரா, புதிய காரா? சாவியை வீட்டாரிடம் கொடுத்துப் பாருங்கள்

கட்டாரிலிருந்து லீவில் வந்திருக்கும் நமது பழைய மாணவர்கள் இரண்டு பேர் கடந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முன்றலிலேயே நம்மைப் பிடித்துக்கொண்டார்கள். "சேர், ஈகே3 எடுப்பமா, வேகன் ஆர் எடுப்பமா?" அந்த இடத்தில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமில்லை. ஊரில் இன்னும் பலர் இதே யோசனையில் இருப்பதால் இங்கேயே எழுதுகிறோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் ஊரில் ஓடிய பழைய கார்களின் விலையும் ஏறிப்போனது. கதவு திறந்த பிறகும் வரிகளைக் கூட்டிப் பார்த்தால் புத்தம் புதியது நம் போன்ற சம்பளக்காரருக்கு எட்டாத தூரம். ஆகவே நம்மில் பலருக்குத் தெரிவு இரண்டுதான்: 25, 30 வருடப் பழைய, ஆசைக்குரிய கார் ஒன்று, அல்லது பத்து வருடத்துக்கு உட்பட்ட சின்னக் கார் ஒன்று.

பழைய காரின் மீது ஆசைப்படுபவர்களை நாம் குறை சொல்லமாட்டோம். 1995 தொடக்கம் 2000 வரை வந்த அந்த ஹொண்டா சிவிக்கை மஹியங்கனை 18 வளைவில் ஒரு தடவை ஏற்றிப் பார்த்தவருக்கு அதன் ருசி தெரியும். வளைவில் சாயாமல் நிற்கும், மிதித்தால் இழுக்கும். ஒழுங்காகப் பராமரித்த ஒன்று கைக்குக் கிடைத்தால், வாங்கிய விலைக்குக் கீழே இறங்காமல் விற்கவும் முடியும். பாகம் தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்புவது குறைவு.

மறுபக்கம் வேகன் ஆர். 660 சீசீ, மூன்று சிலிண்டர். ஐந்து பேர் ஏறி மலை ஏறுகிற வாகனமல்ல அது. ஜப்பானில் அந்த வகைக் கார்களுக்கு நான்கு ஆசனம்தான் அனுமதி. ஐந்து பேர் உள்ள குடும்பம் முதலில் இதை யோசிக்க வேண்டும். ஆனால் பெற்றோல் குறைவு, கியர் மாற்றும் வேலையில்லை, சந்து பொந்தெல்லாம் திரும்பும்.

பெற்றோல் கணக்கைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். நாமும் போட்டுப் பார்த்தோம். நமது பாடசாலை 22 கிலோமீற்றர் தூரம். போய்வர 44. மாதம் 20 நாள் என்றால் 880 கிலோமீற்றர். லீற்றருக்கு 10 ஓடுகிற காருக்கு 88 லீற்றர் வேண்டும். 18 ஓடுகிற காருக்கு 49 போதும். மிச்சம் 39 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலும் மாதம் 11,700 ரூபாதான்.

இந்தப் 11,700 ரூபாவை மிச்சம் பிடிப்பதற்காக லீசிங்கில் போய் விழுபவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 30 இலட்சத்தை 14 வீதத்தில் ஐந்து வருடத்துக்குப் போட்டால் மாதக் கட்டணம் ஏறத்தாழ 70,000. ஐந்து வருடம் முடியும்போது கட்டியது 42 இலட்சம். வட்டி நமக்கு ஆகாது என்பது ஒரு பக்கம். வெறும் கணக்காகப் பார்த்தாலும் இது கட்டுபடியாகாத காரியம். பெற்றோல் மிச்சத்துக்காகப் புதியதை எடுக்கிறேன் என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம்.

அப்படியானால் பழையதே நல்லதா? அப்படித்தான் நாமும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நம்மிடம் 'ஸ்ரீ' நம்பர் கார் ஒன்று இருந்தது. பிள்ளையைப் போலப் பார்த்தோம். காலையில் சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், எக்சிலேட்டரை எத்தனை தரம் மிதித்துவிட்டு செல்ஃப் அடிக்க வேண்டும், பெற்றரி வயரை எந்தப் பக்கம் அசைக்க வேண்டும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். அதைப் பெருமையாகவும் சொல்லித் திரிந்தோம். "இது நம்ம கைக்கு மட்டும்தான் ஸ்டார்ட் ஆகும்."

ஒரு வருடம் உயர்தர விடைத்தாள் திருத்தும் பணிக்காகக் கண்டியில் தங்கியிருந்தோம். இரவு ஒன்றரை மணிக்கு உம்மாவுக்கு மூச்சுத் திணறல். கார் முற்றத்தில் நிற்கிறது. துணைவிக்கு லைசன்ஸ் இருக்கிறது. மகனுக்கும் வயது வந்துவிட்டது. நாம் கண்டியிலிருந்து போனில் சொல்லச் சொல்ல இருவரும் மாறி மாறி முயன்றார்கள். அடித்து அடித்துப் பெற்றரியும் இறங்கிவிட்டது. கடைசியில் மூன்று வீடு தள்ளியுள்ள ஆட்டோக்கார நானாவை எழுப்பித்தான் கொண்டுபோனார்கள். முக்கால் மணித்தியாலம் வீணாகிப் போனது. அல்ஹம்துலில்லாஹ், உம்மா இன்றும் நம்மோடு இருக்கிறார்.

விடியும்போது ஊர் வந்து சேர்ந்தோம். துணைவி சத்தம் போடவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்: "நீங்க இருந்தா மட்டும் ஓடுற கார் நமக்கென்னத்துக்கு?"

அதற்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை. பிழை காருடையது அல்ல. அதன் வயதுக்கு அது நன்றாகவே ஓடியது. வீட்டில் நான்கு பேருக்கும் சேர்த்து வாங்கிய ஒன்றை நமக்கு மட்டும் உரியதாக்கி வைத்திருந்தோமே, பிழை அங்கேதான் இருந்தது. குடும்பக் கார் என்று பெயர் சொல்லி நமது ஆசையை நிறுத்தி வைத்திருந்தோம்.

அந்தக் காரை நமது பழைய மாணவர் ஒருவருக்கே விற்றோம். அவர் சொந்தமாகக் கராஜ் வைத்திருக்கும் பாஸ். வீட்டில் இன்னொரு வாகனமும் உண்டு. அவரிடம் அது மினுங்கிக்கொண்டு நிற்கிறது. அந்தக் காசோடு கையிலிருந்ததையும் சேர்த்து, லீசிங் போடாமல், பாவித்த வேகன் ஆர் ஒன்றை எடுத்தோம். ஓட்டும்போது பழைய சந்தோஷம் இல்லை என்பதை மறைக்கவில்லை. ஆனால் உம்மாவை கிளினிக்குக்குத் துணைவியே கொண்டுபோய் வருகிறார். நமக்கு லீவு போட வேண்டிய தேவையில்லை.

ஆகவே தம்பிமாரே, நமது கருத்து இதுதான். வீட்டில் ஒரே ஒரு வாகனம்தான் என்றால், வீட்டில் எல்லோரும் நம்பி எடுக்கக்கூடியதை வாங்குங்கள். அது புதியதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நன்றாகப் பராமரித்த ஓட்டோ கியர் பழைய கொரோலா கூட அந்த வேலையைச் செய்யும். ஆசைக் கார் இரண்டாவது வாகனமாக வரட்டும். எதை எடுத்தாலும் கையிலுள்ள காசு முழுவதையும் விலையிலேயே போட்டுவிடாதீர்கள். டயர், பெற்றரி, புஷ் என்று முதல் ஆறு மாதத்தில் செலவு வரும். 'ஓப்பன் பேப்பரில்' வைத்து ஓட்டாமல் உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

ஏற்கனவே பழைய கார் வைத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். இன்று இரவு சாவியை மனைவியிடமோ, தங்கச்சியிடமோ, மகனிடமோ கொடுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் திண்ணையில் இருங்கள். காரை கேற்றுக்கு வெளியே எடுத்துவிட்டார்கள் என்றால் அதை விற்க வேண்டிய அவசியமில்லை. எடுக்க முடியாமல் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள் என்றால், நாளைக்கே ஒரு நல்ல பாஸிடம் கொண்டுபோங்கள். அவராலும் சரிப்படுத்த முடியாவிட்டால் விற்பதைப் பற்றி யோசியுங்கள்.