சம் நோ வருணஹ: ரங்கத்துலேர்ந்து ஒரு கேள்வி

காலங்கார்த்தால உத்தர வீதியில நடந்தா ஏதாவது ஒரு திண்ணையிலேர்ந்து பசங்க தைத்திரீய உபநிஷத் சொல்றது காதுல விழும். ஆரம்ப சாந்தி மந்திரத்துல முதல்ல மித்ரன், ரெண்டாவதா வருணன். எங்களுக்கு நல்லதைப் பண்ணுங்கோன்னு ஒவ்வொருத்தரா வேண்டிக்கறது. அதுல வருணனை மட்டும் தனியா எடுத்து, 'சம் நோ வருணஹ'ன்னு இந்தியக் கடற்படை தன்னோட சின்னத்துல வச்சிருக்கு.

எடுத்துக் கொடுத்தவர் ராஜாஜி. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி நம்ம திருச்சியிலேர்ந்து வேதாரண்யத்துக்கு உப்பு அள்ள நடந்தே போனாரே, அவரேதான். பாற்கடலைத் தவிர வேற கடல் தெரியாத எங்க ஊருக்கு நேவியோட இவ்வளவாவது ஒட்டு உறவு இருக்குன்னு எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் :-) (ரெண்டாம் உலகப் போர்ல 'காவேரி'ன்னு ஒரு போர்க்கப்பலும் இருந்தது. அது தனிக் கதை.)

எனக்கு இந்த வாசகம் ஏன் பிடிக்கும்னா, அதுல பெருமை அடிச்சுக்கறது இல்லை. விமானப்படை வானத்தைத் தொடுற பிரகாசத்தைப் பத்திச் சொல்லுது. கடலோரக் காவல்படை 'நாங்கள் காக்கிறோம்'ங்குது. கடற்படை மட்டும் கையைக் கூப்பி, எங்களுக்கு நல்லது செய்யுன்னு கேக்குது. கடல்ல போறவனுக்குத் தெரியும், பீரங்கி இருந்தாலும் அலை முன்னாடி நாம ஒண்ணுமில்லைன்னு.

கடற்படையோட கோட்பாட்டு நூல்ல நாலு வேலை சொல்லியிருக்கு. போர், ராஜதந்திரம், காவல், உதவி. நாலாவதை அவங்க எவ்வளவு நல்லா செய்வாங்கன்னு 2004 டிசம்பர் 26 சுனாமிக்கப்புறம் பார்த்தோம். நம்ம கரையே நாசமாகிக் கிடந்தப்போ, அடுத்த நாளே இலங்கைக்கும் கப்பல் போய் நின்னுது. கடமை, மானம், துணிவுன்னு அவங்க சொல்லிக்கற மூணு வார்த்தைக்கும் அன்னிக்கு அர்த்தம் இருந்தது.

சிக்கல் மூணாவது வேலையில. 2008ல மும்பைக்கு வந்த பயங்கரவாதிகள் 'குபேர்'ங்கற மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தாங்க. அடுத்த வருஷமே கடல் பாதுகாப்போட மொத்தப் பொறுப்பையும் கடற்படைகிட்ட கொடுத்தாங்க. அதுலேர்ந்து நம்ம மீனவனுக்கு ரெண்டு வேஷம். ஒரு பக்கம் நாட்டோட கண்ணும் காதும். இன்னொரு பக்கம் சந்தேகப்பட வேண்டிய ஆள்.

2022 செப்டம்பர் 2ஆம் தேதி கொச்சியில கடற்படைக்குப் புதுக் கொடி வந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சிலுவைக் கோடு போச்சு, வருணன் அப்படியே இருந்தார். சரியா ஏழு வாரம். அக்டோபர் 21 விடியற்காலை, பாக் விரிகுடாவுல 'ஐஎன்எஸ் பங்காரம்' நம்ம மீனவங்க படகு மேல சுட்டுது. ஒருத்தர் குண்டடி பட்டார். பலமுறை எச்சரிச்சும் படகு நிக்கலைன்னு பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. அடிபட்டவரை ஹெலிகாப்டர்ல கரைக்குக் கொண்டு வந்ததும் அதே கடற்படைதான். விசாரணைக்கும் உத்தரவாச்சு.

இருட்டுல, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்துல, நிக்காத படகைப் பார்த்தா சந்தேகம் வரத்தான் செய்யும். ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பக்கத்துக் கடற்படைகிட்ட அடி வாங்கி வாங்கி, கப்பல் வெளிச்சத்தைக் கண்டாலே படகைத் திருப்பிக்கிட்டு ஓடறது நம்ம ஆளுக்குப் பழகிப்போச்சு. இது இந்தக் கடல்ல ரோந்து போறவங்களுக்குத் தெரியாத விஷயமா? குஜராத் கடல்ல நிக்காத படகும் கோடியக்கரைக்குக் கீழே நிக்காத படகும் ஒண்ணு இல்லைங்க.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணுமில்லை. பாக் விரிகுடாவுல ரோந்து போற எந்தக் கப்பலா இருந்தாலும், ஒலிபெருக்கி முன்னாடி நல்லாத் தமிழ் பேசற ஒருத்தர் இருக்கணும். "அண்ணே, நாங்க இந்தியா நேவி, நில்லுங்க"ன்னு மீனவன் பாஷையில சொல்லத் தெரியணும். துப்பாக்கி அதுக்கப்புறம். இப்படி ஒரு விசாரணை நடந்தா, முடிவு என்னன்னு குண்டடி பட்டவர் வீட்டுக்குத் தமிழ்ல எழுதிக் கொடுத்துடணும்.