ஓராண்டு பியரும் ஒரு பழைய செய்தியும்

சென்ற ஆண்டு தைப்பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் என் மருமகன் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மூடியுடன் கூடிய வெள்ளைப் பிளாஸ்ரிக் வாளி, ஒரு ரின் மோல்ற் பாகு, சிறு பொதி மதுவம், நீண்ட குழாய், ஒரு நீரமானி ஆகியன அதனுள் இருந்தன. வீட்டிலேயே பியர் தயாரிப்பதற்கான சாமான்கள். "மாமா, எழுதுற நேரம் போக மிச்ச நேரத்துக்கு இதைச் செய்து பாருங்கோ" என்றார். இலண்டனில் ஓய்வுபெற்றவர்கள் பலருக்கு இது ஒரு பொழுதுபோக்கு என்பதை அன்றுதான் அறிந்துகொண்டேன்.

ஓராண்டு நிறைவுற்றுவிட்டது. ஒன்பது தடவை தயாரித்தேன். இரண்டு தடவை முழுவதையும் கழிவுநீர்க் குழாயில் ஊற்ற நேர்ந்தது. ஒரு தடவை போத்தல்கள் வெடித்தன. எஞ்சிய ஆறும் குடிக்கத்தக்கனவாக அமைந்தன. அவற்றுள் இரண்டு நன்றாகவே இருந்தன என்று, முகத்துக்காகப் புகழும் வழக்கமில்லாத ஆங்கிலேய அயலவர் ஒருவர் கூறினார். இந்தக் கணக்கை ஒப்புவிப்பது மட்டும் என் நோக்கமன்று. அந்த வாளி எனக்கு நினைவூட்டிய ஒரு பழைய செய்தியைப் பற்றியும் எழுதியாக வேண்டும்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். "பொலிசார் மேற்கொண்ட திடீர்ச் சுற்றிவளைப்பின்போது இத்தனை லீற்றர் கோடா கைப்பற்றப்பட்டது" என்ற வாக்கியத்தை எத்தனை நூறு முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. இலங்கைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கசிப்பு வடிப்பதற்காகச் சீனியும் மதுவமும் கலந்து நொதிக்கவிடும் நீரையே கோடா என்பர். முதல் நாள் இரவு வாளியின் மூடியைச் சற்று நீக்கிப் பார்த்தேன். மேலே நுரை கட்டியிருந்தது. மெல்லிய இரைச்சல் கேட்டது. "வீடொன்றின் கராஜில் இருந்து 23 லீற்றர் கோடா கைப்பற்றப்பட்டது, எழுபது வயதைத் தாண்டிய முன்னாள் ஊடகவியலாளர் கைது" என்று மனம் தானாகவே செய்தி எழுதத் தொடங்கியது. தனியே நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை.

தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று தடவையும் ரின்னில் வந்த பாகைக் கரைத்துச் செய்தேன். அது பாற்பவுடர் கரைப்பதைப் போன்றது, கற்றுக்கொள்ள அதிகமில்லை. நான்காவது தடவையில் இருந்து முளைகட்டி உலர்த்திய பார்லியை வாங்கி, அடியில் இருந்தே தொடங்கினேன். நாலரைக் கிலோ பார்லிக் குறுணலை 66 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட வேண்டும். முளைத்த தானியத்திலுள்ள நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக மாற்றுகின்றன. ஒரு துளியை எடுத்து அயடீன் விட்டுப் பார்த்தால் நீலக் கருமை தோன்றக்கூடாது. பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்த அதே பரிசோதனையை ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின் குசினியில் செய்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். பின்னர் அந்த இனிப்பு நீரை வடித்தெடுத்து, ஹொப்ஸ் பூக்களை இட்டு ஒரு மணித்தியாலம் கொதிக்கவிட்டு, விரைவாக 20 பாகைக்குக் குளிரச் செய்து, மதுவத்தைத் தூவி மூடிவிட வேண்டும். நீரமானி முதல் நாள் 1.044 காட்டியது, இரண்டு வாரங்களின் பின் 1.010 காட்டியது. ஏறத்தாழ 4.5 வீத மதுசாரம் என்பது இதன் பொருள்.

உண்மையான வேலை இவற்றில் எதுவுமன்று. கழுவுதலே உண்மையான வேலை. ஒருநாள் பியர் தயாரிப்பில் பாதி நேரம் வாளி, குழாய், கரண்டி, போத்தல் ஆகியவற்றைக் கழுவிக் கிருமி நீக்குவதிலேயே கழிகிறது. நான் கொட்டிய இரண்டும் என் சோம்பலினால் கெட்டவை. குழாயின் உட்புறத்தில் ஒட்டியிருந்த சிறு அழுக்கு 23 லீற்றரையும் காடியாக்கிவிட்டது.

போத்தல் வெடித்த கதையையும் மறைக்கவில்லை. நீரமானி சில நாட்கள் தொடர்ந்து ஒரே அளவைக் காட்டும்வரை பொறுத்திருந்து போத்தலில் அடைக்க வேண்டும். நான் பொறுக்கவில்லை. நொதித்தல் முடியுமுன் அடைத்தேன். உள்ளே வாயு பெருகியது. பங்குனி மாதத்தில் ஓரிரவு இரண்டு மணியளவில் படிக்கட்டின் கீழிருந்த அலுமாரிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு போத்தல்கள் வெடித்தன. நான் விழித்துப் பார்த்தபோது என் மனைவி கட்டிலில் இல்லை. யன்னலுக்கு எட்டாத மூலையில், தரையில் குப்புறப் படுத்திருந்தார். யாழ்ப்பாணத்தை விட்டு நாம் வெளியேறிப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. அதன்பின் ஒரு மாதம் நான் வாளியைத் தொடவில்லை. மீண்டும் தொடங்கியபோது கனமான போத்தல்களை வாங்கி, வீட்டுக்கு வெளியே உள்ள கொட்டகைக்கு எல்லாவற்றையும் மாற்றினேன்.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன்.

பிரித்தானியாவில் வீட்டில் பியர் தயாரிப்பதற்கு ஒரு காலத்தில் அனுமதிப்பத்திரம் தேவைப்பட்டது. 1963ஆம் ஆண்டு நிதியமைச்சர் றெஜினோல்ட் மோட்லிங் அதனை நீக்கினார். சொந்தப் பாவனைக்கு எவரும் தயாரிக்கலாம்; விற்பதாயின் பதிவும் வரியும் உண்டு. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் வீட்டுப் பியருக்கு வழிவிட்டது. ஆனால் வடித்து மதுசாரம் எடுப்பது இந்த இரு நாடுகளிலும் இன்றும் அனுமதியின்றிச் செய்யமுடியாத குற்றமே. நொதித்தல் வேறு, வடித்தல் வேறு என்று சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் நிழலிலேயே நாம் இன்னும் வாழ்கிறோம். குடியேற்ற ஆட்சியாளர் அரச வருமானத்தைக் கருதி ஆக்கிய சட்டம் அது. நான் இங்கே கொட்டகையில் செய்வதை அங்கே அனுமதியின்றிச் செய்தால் குற்றவாளியாவேன்.

ஆயினும் சட்டத்தைவிட என்னைத் தொந்தரவு செய்வது நமது மனோபாவமே.

என் பியரைச் சுவைக்க வந்த தமிழ் நண்பர்கள் எல்லோரும் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். எந்தப் பார்லி, எந்த ஹொப்ஸ், எத்தனை நாள் என்று விசாரித்தார்கள். ஒருவர் அதைக் கலை என்றார். மற்றொருவர் விஞ்ஞானம் என்றார். எங்கள் ஊரில் பனையில் ஏறி இறங்கியவரிடம் இவர்களில் எவரேனும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதுண்டா? நானே கேட்டதில்லை. அவரிடம் கேட்பதற்கு எவ்வளவு இருந்தது என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

பார்லியிலிருந்து வெல்லம் பெற நான் அரைநாள் பாடுபடுகிறேன். பனை வெல்ல நீராகவே தருகிறது. ஆனால் அதைப் பெறுவதற்குப் பாளையை இடுக்கி, தட்டி, உரிய பக்குவத்தில் மெல்லியதாகச் சீவி, காலையும் மாலையும் தளநாருடன் ஏறி இறங்க வேண்டும். சீவல் சற்றுத் தடித்தால் பாளை வீணாகும். கால் சற்று வழுக்கினால் உயிர் போகும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் இனிப்பான கருப்பநீர், பூசாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தன்மை மதுவத்தை அடக்கிவைக்கிறது என்பது இன்று நாம் சொல்லும் விளக்கம். 1516ஆம் ஆண்டின் புகழ்பெற்ற பவேரியப் பியர்ச் சட்டம் பார்லி, ஹொப்ஸ், நீர் என்ற மூன்றை மட்டுமே குறிப்பிடுகிறது. மதுவத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. லூயி பாஸ்டர் பியரைப் பற்றிய தமது ஆய்வுநூலை வெளியிட்டது 1876ஆம் ஆண்டில். மதுவம் என்ற பெயரை அறியாமலே அதை ஏவவும் நிறுத்தவும் தெரிந்திருந்த ஒருவரை நாம் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தோம்.

வாசலுக்கு வெளியே என்பது வெறும் உவமையன்று. எங்கள் வீட்டில் அப்பம் சுடுவதாயின் மாவைப் புளிக்க வைப்பதற்குக் கள் வேண்டும். சைவ ஆசாரம் குறையாத வீடு அது. கள் பின்படலையால் வரும். அம்மா பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு விலகி நிற்பார். கொண்டுவந்தவர் தொடாமல் ஊற்றிவிட்டுப் போவார். அப்பத்தை நாங்கள் முன்விறாந்தையில் இருந்து உண்போம்.

எழுபதுகளின் இறுதியில், நான் இளம் நிருபராக இருந்தபோது, நீதிமன்றச் செய்திகளைத் திரட்டுவது என் பொறுப்பு. ஒருநாள் சீவற் தொழிலாளி ஒருவர் தவறணை நேரத்துக்குப் பின் தன் வீட்டில் வைத்துக் கள் விற்றதற்காகத் தண்டம் செலுத்தினார். பெயரையும் ஊரையும் சேர்த்து ஆறு வரிச் செய்தி எழுதினேன். இரண்டு நாட்களின் பின் அவர் அலுவலகத்துக்கு வந்தார். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கதவருகில் நின்றார். கதிரை இருந்தது, நான் இருக்கச் சொல்லவில்லை. தன் மகனின் வகுப்பில் யாரோ அந்தச் செய்தியை உரத்து வாசித்துச் சிரித்தார்கள் என்றும், பையன் பள்ளிக்கூடம் போக மறுக்கிறான் என்றும் சொன்னார். நீதிமன்றத்தில் நடந்ததைப் பிரசுரிப்பது பத்திரிகையின் உரிமை என்று நான் விளக்கினேன். அவர் கோபப்படவில்லை. "கோட்டிலை தண்டத்தைக் கட்டிப்போட்டன் ஐயா. பேப்பரிலை பேர் வந்ததுக்கு எங்கை கட்டிறது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் சொன்னது சட்டப்படி சரியானது. இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அதே காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் எத்தனையோ பேரின் வழக்குகளைப் பெயர் குறிப்பிடாமல் "வர்த்தகர் ஒருவர்", "அரச உத்தியோகத்தர் ஒருவர்" என்று எழுதியவனும் நானே. சீவற் தொழிலாளியின் பெயரை எழுதும்போது மட்டும் என் பேனா தயங்கவில்லை. அதுதான் தவறு. அந்தப் பையன் பின்னர் படித்தானா என்பதை நான் விசாரித்ததும் இல்லை.

குடியை நான் நியாயப்படுத்துவதாக எவரும் கருதிவிட வேண்டாம். என்னுடன் ஒரே மேசையில் பணியாற்றிய இரண்டு நல்ல எழுத்தாளர்களைச் சாராயம் கொண்டுபோனதைக் கண்டவன் நான். கசிப்பு குடும்பங்களை அழிக்கிறது. அதை ஒழிக்கத்தான் வேண்டும். இந்த ஓராண்டில் நான் குடித்ததைவிடக் கொடுத்ததே அதிகம். ஒரு போத்தலுக்காக ஒன்றரை மாதம் காத்திருப்பவன் அதை ஒரே மூச்சில் விழுங்கமாட்டான் என்பது என் அனுபவம். அதை எல்லோருக்கும் பொருந்தும் விதியாக்க நான் முன்வரவில்லை.

நான் கேட்பது இரண்டு விடயங்களை. முதலாவது, நொதித்த பானத்தையும் வடித்த மதுவையும் ஒரே கண்ணால் பார்க்கும் சட்டமும் சுற்றிவளைப்பும் மாறவேண்டும். பனையில் ஏறுபவர் தன் உழைப்பின் பயனைத் தன் வளவில் வைத்து, சுத்தத்துக்கும் அளவுக்கும் கட்டுப்பட்டு, நேர்மையாக விற்க எளிய வழி ஒன்று இருக்கவேண்டும். 1972இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய பனை, தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் தவறணைக் குத்தகைக்காரரிடம் இருந்து இத்தொழிலாளரை மீட்ட முதற் படி. அடுத்த படியை வைக்க அரை நூற்றாண்டு போதாதா?

இரண்டாவது, சட்டத்தை மாற்றாமலே நாம் செய்யக்கூடியது. போத்தலில் அடைத்த பனங்கள் இப்போது புலம்பெயர் நாடுகளின் தமிழ்க் கடைகளுக்கும் வருகிறது. கொண்டாட்டங்களில் அதைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, ஊரின் வாசம் என்று புகழ்கிறோம். அந்த மரத்தில் ஏறியவரின் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் ஊரிலே திருமணம் பேசவேண்டி வந்தால் இதே வாயால் என்ன சொல்வோம்? இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும்வரை ஊரின் வாசம் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொள்வது நல்லது.

பத்தாவது தடவைக்கான பார்லி வந்து இறங்கியிருக்கிறது. வருகிற சனிக்கிழமை ஊறவிட எண்ணியிருக்கிறேன். அதற்கு முன், ஊரிலுள்ள என் பழைய நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதியுள்ளேன். அந்தச் செய்தியில் நான் எழுதிய பெயரையும் ஊரையும் அவருக்குத் தெரிவித்து, அந்தக் குடும்பத்தில் எவரேனும் இருக்கிறார்களா என்று விசாரிக்கும்படி கேட்டிருக்கிறேன். நாற்பத்தைந்து ஆண்டுகள் பிந்திய விசாரணை அது. கிடைக்கும் பதில் எதுவாயினும் அதைக் கேட்க வேண்டியவன் நான்.