வேறு கருவி, வேறு கை

ஒளியை நியூட்ரினோ என்னும் நுண்துகள் முந்திவிட்டது என்று 2011 செப்டம்பரில் உலகமெங்கும் செய்தி பரவியது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்திலிருந்து கிளம்பிய துகள்கள் 730 கி.மீ. பாறையை ஊடுருவி, இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் உள்ள ஆய்வகத்தை ஒளியைவிட 60 நானோவினாடி முன்னதாக எட்டியதாக ஒபேரா குழு அறிவித்தது. (அந்தக் களிப்பில் இத்தாலியக் கல்வி அமைச்சகம், இரண்டு ஆய்வகங்களுக்கும் இடையே சுரங்கப்பாதை அமைக்க 4.5 கோடி யூரோ கொடுத்ததாக அறிக்கை விட்டது. அப்படியொரு சுரங்கமே கிடையாது. நியூட்ரினோவுக்கு அது தேவையும் இல்லை.)

ஏனோதானோவென்று வந்ததல்ல ஒபேராவின் அறிவிப்பு. மூன்றாண்டுகளில் சேர்ந்த ஏறத்தாழ 16,000 நிகழ்வுகள் அதன் பின்னால் இருந்தன. ஐயம் எழுந்ததும், துகள்களைச் சிறுசிறு கொத்துகளாக அனுப்பி மறுபடி அளந்தார்கள். கிட்டத்தட்ட அதே விடை. மறுத்தவர்களிடமும் சான்று இருந்தது. 1987-இல் வெடித்துத் தென்பட்ட விண்மீனின் நியூட்ரினோக்கள் அதன் ஒளிக்குச் சில மணி நேரம் முன்புதான் வந்தன; ஒபேரா கணக்குப்படி நான்காண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் அவற்றின் ஆற்றல் வேறு, இவற்றின் ஆற்றல் வேறு என்று வாதாட இடமிருந்தது. ஐன்ஸ்டைன் பெயரைச் சொல்லியும் வழக்கை முடிக்க முடியவில்லை.

முடித்தது ஒரு கேபிள். ஜிபிஎஸ் நேரத்தைக் கருவியின் கடிகாரத்துக்குக் கொண்டுவரும் கண்ணாடியிழையின் இணைப்பு முழுதாகத் திருகப்படாமல் இருந்தது. அதனால் நேரக்குறி தாமதமாகப் பதிவானது. கடிகாரத்திலும் எதிர்த்திசையில் சிறு பிழை. இரண்டும் கழிந்து மிஞ்சியதே அந்த 60. எப்போதிலிருந்து இப்படி? அதே மலைக்கடியில் உள்ள எல்விடி என்னும் கருவியின் பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். வானிலிருந்து வரும் மியூவான் என்னும் துகள்களில் சில இரண்டு கருவிகளையும் கடந்து செல்லும். இரண்டும் குறித்த நேரங்களை ஒப்பிட்டால், 2008-இன் நடுவிலிருந்து 2011-இன் இறுதிவரை மட்டும் சுமார் 73 நானோவினாடி பிசகு தெரிந்தது. பக்கத்திலிருந்த இக்காரஸ் கருவி தனியாக அளந்தபோதும் நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை.

ஒபேரா மீண்டும் அளந்ததில் பிழை அகப்படாததற்குக் காரணம், அதே கேபிள் இரண்டாம் முறையும் இருந்ததுதான். எண்ணிக்கை ஏற ஏறப் புள்ளியியல் வலுவாகும். தளர்ந்த இணைப்பு தளர்ந்தபடியே இருக்கும்.

2012 மார்ச்சில் குழுவுக்குள் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. தலைவர் அந்தோனியோ எரெடிடாட்டோ பதவி விலகினார். இதை நாம் ஏற்கவில்லை. அறிவிக்கும் முன் கேபிளைப் பார்த்திருக்க வேண்டாமா என்பது நியாயமான கேள்விதான். ஆனாலும், தமக்கே நம்ப முடியாத முடிவைப் பொதுவில் வைத்துப் பிறரைச் சோதிக்க அழைத்தவர்களைத் தண்டித்தால், அடுத்த குழு எதையும் வெளியே சொல்லாது.

நிதி தருபவர்கள் யோசிக்க வேண்டியது வேறு. நம் நாட்டில் 2023-இல் சட்டம் இயற்றி உருவாக்கிய தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையும் அவர்களில் அடக்கம். பிறர் கண்ட முடிவை வேறு கருவியால் சரிபார்ப்பதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். சரிபார்த்து ‘இல்லை’ என்று எழுதியவரின் கட்டுரையும் பதவி உயர்வில் கணக்கில் வர வேண்டும். கிரான் சாசோவில் எல்விடியும் இக்காரஸும் வேறு வேலைக்காக ஏற்கெனவே அங்கே இருந்தன. ஒரு மருந்தையோ விதையையோ பற்றித் தகராறு வரும்போது அப்படி யாரும் பக்கத்தில் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை.