தேவபூமியும் ராஜபாட்டையும்

இமயமலையின் கட்வால் பிரதேசத்திற்கு யாத்திரை செல்லும் ஜனங்களின் தொகை வருஷந்தோறும் பெருகிக்கொண்டே வருகிறது. யமுனோத்திரி, கங்கோத்திரி, கேதாரநாதம், பத்ரிநாதம் என்னும் நான்கு ஸ்தலங்களுக்கும் 2023-ஆம் வருஷத்தில் மாத்திரம் 50 லட்சத்திற்கு மேற்பட்ட யாத்திரிகர்கள் சென்று வந்தனர். ஜனங்களுக்குப் பக்தி பெருகுவது கண்டு நாமும் மகிழ்கிறோம். ஆனால், அவர்கள் செல்லும் வழியின் பொருட்டு அம்மலைகளுக்கு என்ன செய்யப்பட்டு வருகிறது, அதற்கு மலைகள் என்ன மறுமொழி கூறி வருகின்றன என்பதைத் தேசபக்தர் யாவரும் நிதானமாக ஆலோசிக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

இது வடநாட்டார் விஷயம், நமக்கென்ன என்று தமிழர் எவரும் கூற இயலாது. கேதாரம் சம்பந்தராலும் சுந்தரராலும் தேவாரம் பெற்ற ஸ்தலம். பதரியையும், ஜோஷிமடத்தில் உள்ளதாகக் கருதப்படும் திருப்பிரிதியையும் திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்திருக்கிறார். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் தேவப்பிரயாகையே என்பது பெரியோர் துணிபு. இன்றைக்கும் பத்ரிநாதத்தில் பூஜை நடத்தும் ராவல் மலையாள நாட்டிலிருந்து செல்லும் நம்பூதிரியே. ஆகவே அம்மலைக்கு நேரும் தீங்கு தேசம் முழுவதற்கும் நேரும் தீங்காகும்.

ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாதம் சுமார் 300 கிலோமீட்டர். அலகநந்தையும் பாகீரதியும் கூடிக் கங்கை என்று பெயர் பெறும் தேவப்பிரயாகை, கேதாரத்திற்கு வழி பிரியும் ருத்திரப்பிரயாகை, பின்னர் கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை, விஷ்ணுப்பிரயாகை என ஐந்து சங்கமங்களைக் கடந்து வழி மேலே செல்லுகிறது. ஒருபுறம் வானளாவிய மலை, மறுபுறம் அடி தெரியாத பள்ளத்தில் முழங்கும் நதி, தூரத்தில் பனிச் சிகரங்கள். நம் முன்னோர் இவ்வழியைச் சட்டிகள் எனப்படும் சாவடிகளில் தங்கித் தங்கி வாரக்கணக்கில் நடந்தே கடந்தனர். 1962-ஆம் வருஷத்துச் சீன யுத்தத்திற்குப் பிறகு பெரிய மோட்டார் சாலைகள் விரைவாக எழுந்தன. முன்னர் வாரக்கணக்கான பிரயாணம் இப்போது இரண்டு மூன்று நாட்களில் முடிகிறது.

இமயம் பூமியின் மலைகளுள் இளையது. இன்னமும் உயர்ந்து கொண்டிருப்பது. நொறுங்கிய பாறைகளும் பழைய சரிவுகளின் மண்ணும் நிறைந்தது. 1991-ல் உத்தரகாசியிலும் 1999-ல் சமோலியிலும் நிலநடுக்கங்கள் நேர்ந்தன. இத்தகைய மலையின் அடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டினால் மேலிருப்பது கீழே வரும் என்பதை அறியப் பெரிய சாஸ்திர ஞானம் வேண்டுவதில்லை.

2013-ஆம் வருஷம் ஜூன் 16, 17 தேதிகளில் பெருமழையுடன் சோராபாரி ஏரியும் உடைந்து கேதாரபுரியை அழித்தது. மாண்டவரும் காணாமற் போனவரும் 5,000-க்கு மேல். 2021 பிப்ரவரி 7-ல் ரிஷிகங்கையில் பாறையும் பனியும் சரிந்து இரண்டு மின்சார உற்பத்தி ஸ்தாபனங்களைத் தாக்கின. 200 பேருக்கு மேல் மாண்டும் மறைந்தும் போயினர். 1974-ல் கௌராதேவியின் தலைமையில் பெண்கள் மரங்களைத் தழுவிக் காத்த ரைனி கிராமம் அவ்விடத்திலேயே உள்ளது. 2023 ஜனவரியில் ஜோஷிமட நகரமே அமிழத் தொடங்கி, 800-க்கு மேற்பட்ட கட்டிடங்கள் வெடித்தன. பழைய மலைச்சரிவின் மீது அமைந்த அந்நகரில் பெருங் கட்டிட வேலை கூடாதென்று மிஸ்ரா கமிட்டி 1976-லேயே எச்சரித்திருந்தது. 2025 ஆகஸ்டு 5-ல் கங்கோத்திரி வழியிலுள்ள தராலியைச் சேற்று வெள்ளம் சில நிமிஷங்களில் மூடிவிட்டது. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறாயினும், ஆற்றின் வழியிலும் சரிவின் மேலும் மனிதர் கூட்டங்கூட்டமாகக் குடியேறியதே சேதத்தைப் பெருக்கியது.

இந்நிலையில் சாலை விஷயத்தைக் கவனிப்போம். நான்கு ஸ்தலங்களுக்கும் செல்லும் சுமார் 900 கிலோமீட்டர் சாலைகளை அகலப்படுத்தும் 12,000 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு 2016 டிசம்பரில் டேராடூனில் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலை விஸ்தரிப்புக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு அவசியம் என்பது விதி. சர்க்கார் செய்தது என்ன? ஒரே திட்டத்தை 53 துண்டுகளாக்கியது. ஒவ்வொரு துண்டும் 100 கிலோமீட்டருக்குக் குறைவு. இவ்வாறு விதியின் எழுத்து காப்பாற்றப்பட்டது, கருத்து கைவிடப்பட்டது. தனி மனிதர் ஒருவர் வரியைத் தவிர்க்கத் தம் சொத்தை இவ்விதம் துண்டாடினால், எந்த நீதிபதியும் அதன் உள்நோக்கத்தை ஆராயாமல் விடமாட்டார். விதியை இயற்றிய ராஜாங்கமே அதன் சந்தில் நுழைந்து செல்வது ஜனநாயகத்திற்கு அழகன்று.

சுப்ரீம் கோர்ட்டு 2019-ல் நியமித்த உயர் அதிகாரக் கமிட்டி இருபிரிவாகப் பிரிந்தது. தலைவர் ரவி சோப்ரா உள்ளிட்ட சிறுபான்மையோர் 5.5 மீட்டர் அகலமே போதும் என்றனர். பெரும்பான்மையோர் அதனினும் அகன்ற இருவழிச் சாலையை ஆதரித்தனர். 2020 செப்டம்பரில் 5.5 மீட்டரை விதித்த கோர்ட்டு, தேசப் பாதுகாப்பை முன்னிட்டு 2021 டிசம்பர் 14-ல் இருவழிச் சாலைக்கு அனுமதி அளித்து, நீதிபதி சிக்ரியின் தலைமையில் மேற்பார்வைக் குழுவையும் அமைத்தது. எல்லைக் காவலுக்குச் சாலை வேண்டும் என்பதை நாம் சிறிதும் மறுக்கவில்லை. 1962-ன் பாடத்தைத் தேசம் மறக்கலாகாது. ஆயினும் மழைக்காலந்தோறும் சரிந்து அடைபடும் அகன்ற சாலையைக் காட்டிலும், வருஷம் முழுவதும் நிலைத்திருக்கும் குறுகிய சாலையே பட்டாளத்திற்கும் உதவும். பீரங்கி செல்வதற்கு முதலில் சாலை இருந்தாகவேண்டும்.

2023 நவம்பர் 12-ல் இத்திட்டத்தைச் சேர்ந்த சில்க்யாரா சுரங்கம் இடிந்து 41 தொழிலாளர் உள்ளே அடைபட்டனர். அமெரிக்க யந்திரம் உடைந்து நின்றபின், எலிவளை தோண்டுவோர் எனப்படும் ஏழைத் தொழிலாளரே கையால் குடைந்து 17-ஆம் நாளில் அவர்களை மீட்டனர். அவ்வீரரைத் தேசம் போற்றியது தகும். எனினும் அவர்களுடைய தீரத்தை நம்பியே இனியும் மலையைக் குடையலாம் என்று நினைப்பது மதியீனம்.

முன்னறிவிப்பு அசாத்தியம் என்பார்க்கு ஒரு சரித்திர உண்மையை நினைப்பூட்டுகிறோம். 1893-ல் கோனா என்னும் இடத்தில் மலை சரிந்து பிரேஹி நதியை மறித்து ஒரு பெரிய ஏரி உண்டாயிற்று. பொறியாளர் அது எப்போது ததும்பும் என்று கணக்கிட்டு, தந்திக் கம்பி அமைத்து, கீழ்க் கிராமங்களைக் காலி செய்வித்தனர். 1894 ஆகஸ்டில் ஏரி உடைந்து கட்வாலின் ஸ்ரீநகரத்தை அடித்துச் சென்றது. உயிரிழந்தவர், எச்சரிக்கையை மீறி அணையடியில் தங்கிய ஐவரே. அந்நியர் ஆட்சியில் வெறுந் தந்திக் கம்பியைக்கொண்டு செய்த காரியத்தை, ஆகாயத்தில் செயற்கைக் கோள்களைச் சுழலவிடும் சுதந்திர பாரதம் 2013-ல் செய்யவில்லை. இது நமக்குப் பெருமை தருவதாகாது.

ஆதலின் சர்க்கார் செய்யவேண்டுவன இவை. துண்டு துண்டாயன்றி, சாலை, சுரங்கம், மின்சார அணை யாவற்றையும் ஒருசேர மதிப்பிட வேண்டும். ஏரிகளையும் பனிப்பாறைகளையும் இடைவிடாது கண்காணித்து ஒவ்வொரு கிராமத்திற்கும் அபாயச் சங்கு அமைக்கவேண்டும். ஆற்றங்கரையில் ஹோட்டல் கட்டுவதைக் கண்டிப்பாய்த் தடுக்கவேண்டும். யாத்திரிகர் தொகைக்கும் வரம்பு வேண்டும். 2022-ல் பத்ரிநாதத்திற்கு நாளொன்றுக்கு 15,000, கேதாரத்திற்கு 12,000 என வரம்பு விதித்த அதிகாரிகள், பிறகு அதனை உயர்த்தினர். 2025 மார்ச்சில் கேதாரத்திற்கு நாளொன்றுக்கு 18,000 பேரைச் சுமக்கும் கம்பிவடப் பாதைக்கு மந்திரிசபை சம்மதம் அளித்தது. தூக்கிச் செல்ல யந்திரம் உண்டு. சென்றவரைத் தாங்க அப்பள்ளத்தாக்கிற்குச் சக்தி உண்டா? இதற்கு விடை கூறிய பிறகே கம்பியைக் கட்டவேண்டும்.

ஜனங்களுக்கும் கடமை உண்டு. வெள்ளிக்கிழமை புறப்பட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பவேண்டும் என்று நாம் கேட்பதனாலேயே மலை வெட்டப்படுகிறது. நிதானமாய்ச் சென்று, நாலு நாள் தங்கி, உள்ளூரார் வீட்டில் உண்டு வருபவனால் அந்நாட்டுக் குடிகளும் பிழைப்பர். தேசத் தொண்டர்கள் இவ்விஷயத்தைப் பார்லிமெண்டிலுள்ள தங்கள் பிரதிநிதிகளிடம் எழுத்து மூலமாகக் கேட்கவேண்டும். அடுத்த மழைக்கு முன் கேட்பது நலம்.