சலுகையன்று, உரிமை!

பார்வையிழந்த மாணவன் விடை சொல்கிறான். அதனை மற்றொருவர் எழுதுகிறார். அவனுக்கு மேலதிக நேரமும் வழங்கப்படுகிறது. இதனைச் சலுகையென்பர் சிலர். பரீட்சையின் நேர்மைக்கு ஊறு என்பர் வேறு சிலர். இரண்டும் தவறு.

வலுவிழப்பைக் காரணங்காட்டிக் கல்வி நிலைய அனுமதியில் பாகுபாடு காட்டலாகாதென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை, உயர்கல்வியிலும் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளை அரசு உறுதிப்படுத்த வேண்டுமென்கிறது. வாயிலைத் திறந்துவிட்டுப் பரீட்சை மண்டபத்தை மூடுவது அனுமதியாகாது.

வாய்க்காலின் கடைக்கோடி வயலுக்கு நீர் சென்றடையக் கூடுதல் நேரம் வேண்டும். அந்நேரத்தை அளிப்பது அயல் வயலைக் கொள்ளையிடுவதா? உழவர் அறிவர்.

பரீட்சை மோசடி தண்டிக்கப்படவே வேண்டும். எழுதுபவர் தாமே விடை புனையாதிருக்கக் கண்காணிப்பும் வேண்டும். ஆயின், ஐயம் குற்றமாகாது. குற்றச்சாட்டை அம்மாணவன் அறியக்கூடிய வடிவில் அளித்து, அவன் விளக்கத்தைக் கேட்ட பின்னரே முடிவு கூறவேண்டும். மறுதரப்பைக் கேளாத தீர்ப்பு தீர்ப்பன்று. இஃது இயற்கை நீதியின் அடிப்படை விதி.

வசதி பெறும் வழியையும் விசாரணை முறையையும் பல்கலைக்கழகங்கள் எழுத்தில் வெளியிடுக, தமிழிலும் வெளியிடுக! தன் விதியை மறைத்து வைக்கும் நிறுவனத்துக்கு மாணவனிடம் நேர்மை கோரும் தகுதி இல்லை.